பயிற்சி ஆட்டத்துக்குப் பணம் கட்டிப் போகலாமா?

சென்ற மாதம் ஒரு நாள், பள்ளி முடிந்து மாணவர்களெல்லாம் வீடு திரும்பிய பிறகு, ஒரு தகப்பனார் என்னைத் தேடி வந்தார். செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. வேலை உடுப்பைக்கூட மாற்றியிருக்கவில்லை. மோட்டார் சைக்கிளை மரத்தடியில் நிறுத்திவிட்டு வகுப்பறை வாசலிலேயே நின்றார். பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணி உள்ளே அழைத்து உட்கார வைத்தேன்.

“சார், ஒரு விஷயம் கேக்கணும். தப்பா நெனைக்கக் கூடாது,” என்று தொடங்கினார். “வெளிநாட்டுக் காற்பந்துக் குழு ஒண்ணு கோலாலம்பூருக்கு வருதாம். நான் போயே ஆகணும்னு பையன் ஒத்தக் காலுல நிக்கிறான். மைலோ டின்னுல நாப்பத்து மூணு வெள்ளி சேத்து வெச்சிருக்கான். மிச்சத்துக்கு ஆபீஸ்ல முன்பணம் கேக்கலாமான்னு பாக்குறேன். ஆனா எங்க மச்சான் என்ன சொல்றாருன்னா, அது நெசமான ஆட்டமே இல்லியாம். சும்மா பயிற்சியாம். அதுக்கா இம்புட்டுக் காசு கட்டுவேன்னு கேக்குறாரு. நீங்க சொல்லுங்க சார். அது நெசமான ஆட்டமா, இல்லியா?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. நானும் காற்பந்துப் பைத்தியந்தான். மாணவர்களுக்குத் திடலில் பந்து உருட்டச் சொல்லிக் கொடுப்பவனுங்கூட. ஆயினும், ஒரு குடும்பத்தின் பணம் சம்பந்தப்பட்ட கேள்விக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட முடியாதல்லவா? “இரண்டு நாள் பொறுங்கள், யோசித்துச் சொல்கிறேன்,” என்று அனுப்பி வைத்தேன். அப்படி யோசித்ததைத்தான் இம்மாதம் இப்பகுதியில் எழுதுகிறேன். இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் எழுந்திருக்கும் என்பது என் எண்ணம்.

முதலில், அந்த மச்சான் சொன்னது சரிதானா என்று பார்ப்போம்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் போட்டி ஆகஸ்ட் மாதத்தில் தொடங்கி, மறு ஆண்டு மே மாதத்தில் முடிகிறது. அதன்பின் விளையாட்டாளர்களுக்கு ஓய்வு. ஜூலையில் திரும்பி வரும்போது உடம்பு தளர்ந்திருக்கும்; மூச்சு வாங்கும். அடுத்த பருவத்துக்கு உடம்பைத் தயார் செய்வதற்காகவே ஜூலையிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் சில ஆட்டங்களை ஏற்பாடு செய்கிறார்கள். இவற்றுக்குப் புள்ளி கிடையாது. வென்றாலும் தோற்றாலும் பட்டியலில் ஓர் எழுத்துகூட மாறாது. முற்பாதியில் பதினொருவர், பிற்பாதியில் கிட்டத்தட்ட வேறு பதினொருவர் என்று பயிற்றுநர் மாற்றி மாற்றி இறக்குவார். புதிதாக வாங்கிய ஆட்டக்காரர் எப்படி, பதினெட்டு வயதுப் பையன் தேறுவானா என்றெல்லாம் பார்த்துக் கொள்வார். முன்னணி ஆட்டக்காரருக்குக் காலில் இலேசாக வலி என்றாலும் வெளியே உட்கார வைத்துவிடுவார். உலகக் கிண்ணம் நடந்த ஆண்டென்றால், அதில் ஆடிய பெரிய நட்சத்திரங்கள் இன்னும் விடுமுறையிலேயே இருப்பார்கள்.

நமக்குப் புரியும்படி சொன்னால், இது குலை வெட்டப் போவதற்கு முன்பு அரிவாளைத் தீட்டுவது மாதிரி. தீட்டாமல் வேலைக்குப் போக முடியாது என்பது உண்மை. அதற்காக, அரிவாள் தீட்டுவதைப் பார்க்க யாராவது காசு கொடுப்பார்களா? மச்சானின் வாதம் இதுதான். அதில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியாது.

அப்படியானால் அக்குழுக்கள் ஏன் இவ்வளவு தூரம் பறந்து வருகின்றன? தீட்டுவதை இங்கிலாந்திலேயே தீட்டிக் கொள்ளலாமே? காரணம் பணந்தான். வந்து ஆடுவதற்கென்று ஏற்பாட்டாளர் ஒரு பெருந்தொகை கொடுக்கிறார். விளம்பரம் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. சட்டை விற்கிறது. ஏற்பாட்டாளர் கொடுத்த பணத்தை எங்கிருந்து எடுப்பார்? பெரும்பகுதி நுழைவுச் சீட்டிலிருந்துதான். ஆகவே அந்தச் சீட்டில் அச்சாகும் விலை, ஆட்டத்தின் தரத்துக்குரிய விலையல்ல. வரும் குழுவின் பெயருக்குரிய விலை. இதை நாம் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

பெயருக்குப் பணம் கட்டிவிட்டு ஆளைக் காணாமல் திரும்பியவர்களின் கதை பெரிது. 2019ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், இத்தாலியின் ஜுவெந்தஸ் குழு தென் கொரியாவின் சியோல் நகரில் ஆடியது. கிறிஸ்தியானோ ரொனால்டோவைப் பார்க்கத்தான் அரங்கம் நிறைந்தது. அவர் குறைந்தது 45 நிமிடம் ஆடுவார் என்று ஒப்பந்தமும் இருந்தது. ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. ரொனால்டோவோ கடைசி வரை ஒரு நிமிடங்கூடத் திடலில் இறங்கவில்லை. வெளியே உட்கார்ந்தபடியே இருந்தார். இரசிகர்கள் வழக்குத் தொடுத்தார்கள். இரசிகர்கள் இருவருக்கு ஏற்பாட்டாளர் இழப்பீடு தர வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் கொரிய நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

ஹாங்காங்கில் நடந்தது இன்னும் அண்மையது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அமெரிக்காவின் இன்டர் மியாமி குழு அங்கே பருவத்துக்கு முந்திய ஆட்டம் ஆடியது. மெஸ்ஸியின் முகத்தைப் பார்க்க ஏறக்குறைய முப்பத்தெட்டாயிரம் பேர் வந்திருந்தார்கள். மெஸ்ஸிக்குத் தசையில் வலி. கடைசி வரை இறங்கவில்லை. இன்டர் மியாமி 4-1 என்று வென்றும், “பணத்தைத் திருப்பிக் கொடு!” என்ற கூச்சல்தான் அரங்கில் கேட்டது. மூன்றே நாளில் தோக்கியோவில் அதே மெஸ்ஸி சுமார் அரை மணி நேரம் ஆடினார். ஹாங்காங் மக்களின் வயிறு எப்படி எரிந்திருக்கும்! முடிவில் ஏற்பாட்டாளர் பாதிப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். மீதிப் பாதி போனது போனதுதான்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால், நான் ஒரு பக்கத்தை மட்டும் காட்டியவனாவேன். மறுபக்கத்தையும் பாருங்கள்.

சியோலில் உட்கார்ந்தே இருந்த அதே ரொனால்டோ, அதற்கு ஐந்து நாள் முன்னதாக, 2019 ஜூலை 21ஆம் நாள், சிங்கப்பூர் தேசிய அரங்கில் ஆடி ஒரு கோலும் போட்டார். எதிர்க்குழு இங்கிலாந்தின் டோட்டன்ஹாம். ஆட்டம் 2-2 என்று சமநிலையில் முடியப் போகும் கடைசி நொடிகளில், ஹேரி கேன் திடலின் நடுக்கோட்டருகிலிருந்து ஓங்கி அடித்தார். முன்னால் வந்து நின்ற கோல் காவலரின் தலைக்கு மேலே பறந்த பந்து வலைக்குள் விழுந்தது. டோட்டன்ஹாம் 3-2. பயிற்சி ஆட்டந்தான். ஆனால் அன்று அங்கே இருந்தவர்கள் அந்தப் பந்தைத் தங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்வார்கள்.

ஆக, இது நாலு நம்பர் எடுப்பது மாதிரியான காரியம். சிங்கப்பூர்க்காரருக்கு விழுந்தது, சியோல்காரருக்கு விழவில்லை. எடுத்த நம்பர் கட்டாயம் விழும் என்று நம்பி அரிசிக் காசை வைப்பவனை நாம் என்னவென்று சொல்வோம்? இரண்டு பெரிய வெளிநாட்டுக் குழுக்கள் ஒன்றோடொன்று மோதும் பயிற்சி ஆட்டத்தில், இரு பக்கமும் அரிவாள் தீட்டும் வேலைதான் பெரும்பாலும் நடக்கும்.

ஆனால் எதிரே நிற்பது நம் நாட்டுக் குழுவாக இருந்தால்? அங்கேதான் கதை மாறுகிறது.

மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1975ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஆர்சனல் குழு கோலாலம்பூருக்கு வந்தது. மெர்டேக்கா அரங்கில் ஆட்டம். நம்மவர்கள் 2-0 என்று வென்றார்கள். இரண்டு கோலையும் போட்டவர் மொக்தார் டஹாரி. மூன்று ஆண்டுகள் கழித்து, 1978 மே மாதத்தில், இங்கிலாந்தின் ‘பி’ குழு அதே அரங்குக்கு வந்தது. அதன் பயிற்றுநர் போபி ராப்சன். ஆட்டம் 1-1. மொக்தார் பந்தைத் தம் பாதியிலிருந்தே எடுத்துக்கொண்டு, எதிரே வந்தவர்களையெல்லாம் தாண்டி ஓடிப் போட்ட கோலைப் பற்றி என் தகப்பனார் பேசத் தொடங்கினால், கையிலிருக்கும் தேநீர் ஆறிப் போய்விடும். மொக்தார் 1991இல் மறைந்தார். அந்தக் கோலுக்கு இன்னும் வயதாகவில்லை.

2009ஆம் ஆண்டுக்கு வருவோம். ஜூலை 18ஆம் நாள், புக்கிட் ஜாலில் அரங்கில் மென்செஸ்டர் யுனைடெட் நம் குழுவை 3-2 என்று வென்றது. வந்தவர்களுக்கு அது ஒரு பயிற்சி. நம் அம்ரி யஹ்யாவுக்கோ அது வாழ்நாள் ஆட்டம். இரண்டு கோல் போட்டார். மைக்கல் ஓவன் கடைசி நேரத்தில் இறங்கி ஒரு கோல் போட்ட பிறகே வந்தவர்களால் வெல்ல முடிந்தது. 2025ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் அதே குழு அதே அரங்குக்கு வந்தது. அது பருவத்துக்கு முந்திய ஆட்டமல்ல. பருவம் முடிந்த கையோடு நடந்தது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் ஐரோப்பா லீக் இறுதியாட்டத்தில் தோற்ற களைப்பு அவர்களுக்கு. எதிரே ஆசியான் நாடுகளின் தேர்வுக் குழு. மியன்மார் நாட்டின் மாவுங் மாவுங் லுவின் போட்ட ஒரே கோலில் ஆசியான் குழு 1-0 என்று வென்றது. எழுபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோதுதான் தகப்பனாரின் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது. அது நிஜமான ஆட்டமா என்றால், வருகிறவர்களுக்கு அது பயிற்சி. நம்மவர்களுக்கு அது பரீட்சை. பரீட்சை எழுதுகிறவனைப் பார்க்கப் போவதானால் கொடுக்கும் காசுக்குப் பொருள் உண்டு. பயிற்சி செய்கிறவனை மட்டும் பார்க்கப் போவதானால், அவன் முகத்தைப் பார்த்த திருப்தியோடு திரும்பத் தயாராக இருக்க வேண்டும்.

அடுத்தது பணக் கணக்கு. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி. 26 நாள் வேலை என்று வைத்தால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. சீட்டு ஒன்று 150 வெள்ளி என்றே வைத்துக் கொள்வோம். தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் போனால் 600 வெள்ளி. பேருந்துக்கு ஆளுக்கு 30 வெள்ளி என்றால் 120. சாப்பாடு, தண்ணீர் என்று ஒரு 60. மொத்தம் 780 வெள்ளி. பன்னிரண்டு நாள் வெயிலில் நின்று குலை வெட்டிய காசு! பிள்ளை அங்கே வந்து சட்டை வேண்டும், கழுத்துத் துண்டு வேண்டும் என்று கேட்டால் அது தனி.

அவ்வளவு கொடுத்தும், விலை குறைந்த இருக்கை எங்கே இருக்கும்? புக்கிட் ஜாலில் அரங்கம் 87,000 பேர் கொள்ளக் கூடியது. மேல் அடுக்கில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர் முகம் தெரியாது. முதுகில் உள்ள எண்ணைக்கூடக் கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும். பெரிய திரையைப் பார்த்துத்தான் யார் அடித்தார் என்று தெரிந்து கொள்வோம். ஆட்டம் முடிந்து நெரிசலில் வெளியேறி, தோட்டத்துச் செம்மண் சாலைக்கு வந்து சேர நடுச்சாமம் தாண்டிவிடும். மறுநாள் விடியற்காலையில் பிரட்டுக்கு நிற்க வேண்டும்.

“தொலைக்காட்சியில் பார்த்தால் போதாதா?” என்று சிலர் கேட்பார்கள். போதாது என்பதுதான் என் பதில். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே மூச்சில் எழுந்து நிற்கும்போது நெஞ்சுக்குள் ஏற்படும் அதிர்வைத் தொலைக்காட்சி தராது. ஒரு பிள்ளை வாழ்வில் ஒரு முறையாவது அதை அனுபவிக்க வேண்டும். மேலும், அந்தப் பையன் என்னிடம் பிறகு சொன்ன ஒரு வார்த்தை என்னைச் சுட்டது. “டவுன் பசங்க எல்லாரும் போறாங்க சார். எஸ்டேட் பசங்க டிவியிலதான் பாப்பாங்கன்னு சொல்லிச் சிரிச்சாங்க.” பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மனத்தில் விழுந்த அடி அது. ‘இதெல்லாம் நமக்கெதற்கு’ என்று சொல்லி அவன் ஆசையை நசுக்குவது எனக்குச் சம்மதமில்லை. ஆசைப்படுவது குற்றமல்ல. கடன்பட்டு ஆசையைத் தீர்ப்பதுதான் ஆபத்து. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கினால், வாங்கிய சித்திரத்தை எதைக் கொண்டு பார்ப்பது?

ஆகவே இப்படிப்பட்ட ஆட்டத்துக்குச் சீட்டு வாங்கும் முன், பெற்றோர் தங்களையே மூன்று கேள்விகள் கேட்டுக் கொள்ளட்டும்.

முதலாவது, எதிரே ஆடுவது யார்? நம் நாட்டுக் குழுவென்றால் ஒரு பக்கமாவது உயிரைக் கொடுத்து ஆடும். இரண்டும் வெளிநாட்டுக் குழுவென்றால் காட்சிக்குத்தான் காசு என்று தெரிந்து போங்கள்.

இரண்டாவது, ஒரே ஓர் ஆட்டக்காரருக்காகவா போகிறோம்? அப்படியானால் போகாதிருப்பதே நல்லது. அவர் இறங்காவிட்டாலும் மகிழ்ச்சியாகத் திரும்புவோமா என்று பிள்ளையிடமே கேளுங்கள். விளம்பரத்தாளில் அச்சான முகம் நமக்குக் கொடுத்த வாக்குறுதியல்ல.

மூன்றாவது, பணம் எங்கிருந்து வருகிறது? சேமித்த காசென்றால் தாராளமாகப் போகலாம். முன்பணம், அடகு, வட்டிக் காசு என்றால் வேண்டவே வேண்டாம். எல்லாரும் போக வேண்டும் என்பதுமில்லை; தகப்பனும் பிள்ளையும் மட்டும் போனால் செலவு பாதியாகும். சீட்டை அதிகாரபூர்வமாக விற்பவரிடம் மட்டும் வாங்குங்கள். அரங்க வாசலில் நின்று விற்பவன் கையிலிருப்பது கள்ளச் சீட்டாக இருந்தால், ஆட்டமும் இல்லை, காசும் இல்லை. வெளிநாட்டுக் குழுக்கள் வரும்போது, ஆட்டத்துக்கு முதல் நாள் பொதுமக்கள் பார்க்கும்படி பயிற்சி நடத்துவதும் உண்டு. முகம் பார்ப்பதே ஆசையென்றால் அதை விசாரித்துப் பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். நம் மாநிலத்து அரங்கத்தில் நடக்கும் லீக் ஆட்டங்களையும் மலேசியக் கிண்ண ஆட்டங்களையும் நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்? மலேசியக் கிண்ணம் 1921ஆம் ஆண்டிலிருந்து ஆடப்பட்டு வருவது. அங்கே ஒவ்வொரு கோலுக்கும் கணக்கு உண்டு. தோற்றவன் தலை குனிந்து போவான், வென்றவன் துள்ளுவான். கட்டணம் பெரும்பாலும் சில பத்து வெள்ளிக்குள் முடிந்துவிடும். ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே கொண்டாடிய கோல் காவலர் ஆறுமுகம், வெளிநாட்டுக் குழுவிலிருந்து இங்கே இறங்கி வந்தவரல்லர். நம் நாட்டுத் திடல்களில் ஆடி வளர்ந்தவர்.

இரண்டு நாள் கழித்துத் தகப்பனார் வந்தபோது இவற்றையெல்லாம் சொன்னேன். அந்த ஆட்டத்தில் மோதவிருந்தவை இரண்டும் வெளிநாட்டுக் குழுக்கள்; பையன் போக விரும்பியது ஒரே ஆட்டக்காரருக்காக; பணமோ முன்பணம். மூன்று கேள்விக்கும் அவரே விடை சொல்லிவிட்டு, பேசாமல் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். “பையன்கிட்ட எப்படிச் சொல்றது சார்?” என்றார். “என்னிடம் கேட்டதை அப்படியே அவனிடமும் கேளுங்கள். கணக்கை அவனையே போடச் சொல்லுங்கள். கணக்கில் கெட்டிக்காரன்தான்,” என்றேன்.

போன வாரம் மீண்டும் பார்த்தேன். கணக்குப் போட்டுப் பார்த்த பையன் அன்றிரவு அழுதானாம். சாப்பிடவும் இல்லையாம். அடுத்த சனிக்கிழமை குடும்பத்தில் நால்வருமாக மாநில அரங்கில் ஓர் ஆட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். தாயார் அரங்கத்துக்குள் நுழைந்தது அதுவே முதல் தடவையாம்.

“எப்படியிருந்தது?” என்று பையனைக் கேட்டேன்.

“நல்லாருந்திச்சி சார். வேலி பக்கத்துலயே உக்காந்தோம். பந்து அடிக்கிற சத்தங்கூடக் கேட்டிச்சி,” என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, “ஆனா அது வேற சார். அதையும் ஒரு நாள் பாக்கணும்,” என்றான்.

பார்க்கட்டும். மைலோ டின்னில் இப்போது ஐம்பத்தொரு வெள்ளி இருக்கிறதாம். அந்த வெளிநாட்டுக் குழு நம் நாட்டுக் குழுவோடு மோத வரும் நாளில், யாரிடமும் கை நீட்டாமல், தன் காசில் வாங்கிய சீட்டோடு அவன் உள்ளே நுழைவான். அன்றைக்கு அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்க்க எனக்கும் ஆசைதான். இன்றிலிருந்து நானும் ஒரு டின் வைத்திருக்கிறேன்.